கணக்கில் சேராத எட்டுப் பேர்

எந்த மென்பொருள் நல்லது என்று தயவுசெய்து இனி யாரும் என்னிடம் கேட்காதீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு முகப்பேரில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்த, இந்த வேலைக்குப் புதியவர்கள் ஐந்தாறு பேர் இருப்பீர்கள். எல்லோரும் கெட்டிக்காரப் பிள்ளைகள். காபி ஆறுவதற்குள் எல்லோரும் கேட்டது இந்த ஒரே கேள்விதான். எந்த மென்பொருளும் கூட்டல் கழித்தலைச் சரியாகவே போடும். எனக்கு இத்தனை வருஷமும் தலைவலி கொடுத்தது மென்பொருள் இல்லை. அது சொன்ன விடையைக் கையில் வாங்கிக்கொண்ட மனிதர்கள்தான். அவர்களோடு எப்படி மல்லுக்கட்டுவது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நடுத்தர மருந்து நிறுவனத்தில். பெயர் வேண்டாம். புதிதாக ஒரு மாத்திரையைத் தயாரித்தால், அது ஏற்கெனவே சந்தையில் இருக்கும் மாத்திரையைப் போலவே உடம்பில் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆரோக்கியமான தன்னார்வலர்கள் வருவார்கள். முதல் சுற்றில் ஒரு மாத்திரை, சில வாரம் கழித்து இரண்டாம் சுற்றில் மற்றொன்று. ஒவ்வொரு சுற்றிலும் பல முறை ரத்தம் எடுப்போம். ஒரே ஆள் இரண்டு சுற்றுக்கும் வந்தால்தான் ஒப்பிட முடியும். பாதியில் போய்விட்டால் அவர் கொடுத்த ரத்தத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இந்தச் சோதனையை நிஜத்தில் ஒரு தடவைதான் நடத்தலாம். கணினிக்குள் ஆயிரக்கணக்கான தடவை நடத்தலாம். இத்தனை பேரை வைத்தால் எத்தனை தடவை தேறும், நாலு பேர் வராமல் போனால் என்ன ஆகும், மருந்து ஒவ்வொரு உடம்பிலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. சிமுலேஷன் என்று பெரிய பெயர். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் தலைமை நிர்வாகி சபேசன் சாருக்கு இது கடைசி வரை ஒரு ஜோசியமாகத்தான் தெரிந்தது. ஜோசியமாவது பரவாயில்லை, பரிகாரம் சொல்லும். உங்களுடையது அதுகூடச் சொல்வதில்லை என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

கெட்டவர் இல்லை. விற்பனைப் பிரதிநிதியாக பைக்கில் ஊர் ஊராகச் சுற்றி மேலே வந்தவர். தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குக் காலேஜ் சீட்டுக்காக வேலப்பன்சாவடிக்கும் பூந்தமல்லிக்கும் தானே நடப்பார். ஆனால் 'தெரியாது' என்ற வார்த்தை அவர் காதில் விழுந்தால் போதும், யாரோ வேலை செய்யாமல் ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார்.

நான் சொல்ல வந்த சோதனை, வலிப்பு நோய்க்கான ஒரு மாத்திரை பற்றியது. நாளுக்கு ஒரு வேளை போட்டால் மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும். தயாரித்தவர் பாஸ்கர். ஃபார்முலேஷன் பிரிவின் தலைவர், அதிகம் பேசாத மனிதர். இருபத்திநாலு தன்னார்வலர்கள் போதும் என்று என் கணக்கு சொன்னது. பத்துத் தடவை நடத்தினால் எட்டுத் தடவை தேறும். ஓரிருவர் பாதியில் போனாலும் தாங்கும். சபேசன் சாரும் சம்மதித்தார். அதுவரை சுமுகம்தான்.

தன்னார்வலர்களைப் பரிசோதித்துத் தேர்வு செய்யும் நாளன்று நான் வேறு ஏதோ வேலையாக மருத்துவப் பிரிவுக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்த டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவர். கடுகடுவென்று இருப்பார். காத்திருக்கும் பெஞ்சில் மண்ணூர்பேட்டைப் பையன்கள் எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிறவர்கள், லேத்து பட்டறையில் நிற்கிறவர்கள், உணவு டெலிவரிக்கு ஓடுகிறவர்கள். எல்லோருக்கும் இருபத்தைந்து வயதுக்குள். மூன்று பைக்கில் எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். அதில் வினோத் என்ற பையனுக்கு ரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டியது. அவனை அனுப்பிவிடலாம் என்றார் நர்ஸ். அடுத்த நிமிஷம் எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள்.

"உங்களை யாருப்பா போகச் சொன்னது? அவருக்கு மட்டும்தான்" என்றார் நர்ஸ்.

அவர்களில் உயரமாக, முன்பல் உடைந்த பையன் ஒருவன்தான் பதில் சொன்னான். லோகு என்று கூப்பிட்டார்கள். "அவன் இல்லாம நாங்க மட்டும் இன்னாத்துக்கு மேடம்? வந்தா எட்டு, போனா எட்டு."

டாக்டரம்மா வினோத்தைக் கால் மணி நேரம் படுக்கச் சொல்லி மறுபடி பார்த்தார். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. படி ஏறி ஓடி வந்திருக்கிறான், அவ்வளவுதான். எட்டுப் பேரும் சிரித்துக்கொண்டே பெஞ்சில் மறுபடி விழுந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கணக்கில் ஒவ்வொரு ஆளும் தனித்தனி ஆள். ஒருவர் போனால் அடுத்தவர் போவதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இங்கேயோ மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் ஒரே கயிற்றில் கட்டியது போல இருக்கிறார்கள். அன்று மதியமே உட்கார்ந்து, நண்பர்கள் மொத்தமாக வருவார்கள், மொத்தமாகப் போவார்கள் என்று வைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சராசரியாகப் போகிறவர்கள் எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் முன்பு எப்போதாவது தலைகாட்டிய படுமோசமான முடிவுகள் இப்போது அடிக்கடி வந்தன. கூடுதலாகச் சிலரைச் சேர்க்க வேண்டும், அல்லது இந்த எட்டுப் பேரைத் தனியே பிரித்து, வேறு நாளில் வரும் இன்னொரு அணியாக வைக்க வேண்டும். எடுத்துக்கொண்டு சபேசன் சாரிடம் போனேன்.

"சராசரி மாறிடுச்சா மேடம்?"

"மாறல சார்."

"அப்புறம் என்ன?"

"சார், ஆவடிலேர்ந்து வர்ற ரயில் ஒண்ணு நின்னா நம்ம பேக்கிங் செக்ஷன் மொத்தமும் லேட்டாகுது. ஒவ்வொருத்தரும் தனித்தனியாவா லேட் ஆகறாங்க? சராசரியா பார்த்தா எல்லாரும் நேரத்துக்கு வர்றவங்கதான். ஆனா அன்னிக்கு ஒரு நாள் செக்ஷனே காலி."

"அது ரயில்வேக்காரன் பிரச்சனை மேடம்" என்றார்.

இதற்குமேல் என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள். இன்னும் இரண்டு முறை போனேன். மூன்றாவது முறை அவர் உதவியாளரே, "இன்னிக்கும் அந்தப் பசங்க விஷயமா மேடம்?" என்று கேட்டுச் சிரித்தார். விட்டுவிட்டேன்.

முதல் சுற்று ஒழுங்காக முடிந்தது. எட்டுப் பேரும் வந்தார்கள், மாத்திரை போட்டார்கள், கை நீட்டி ரத்தம் கொடுத்தார்கள், கேரம் ஆடினார்கள். இரண்டாம் சுற்றுக்கு எல்லோரும் வந்து சேர வேண்டிய நாள் காலையில் டாக்டரம்மாவுக்கு லோகுவிடமிருந்து போன் வந்தது. வினோத்தின் அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். எஸ்டேட்டிலேயே ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தவர். நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே போய்விட்டாராம். மதியம் எடுக்கிறார்கள். "நாங்க வர முடியாது டாக்டரம்மா. அவன் ஊட்டாண்டதான் கீறோம்" என்று சொல்லியிருக்கிறான்.

டாக்டரம்மா, "வர வேண்டாம்ப்பா, அங்க இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டு எனக்குச் சொன்னார். பிறகு சபேசன் சாருக்கும் சொன்னார். அவர் என்னைக் கூப்பிட்டு, எட்டுப் பேர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உடனே ஓட்டிச் சொல்லும்படி கேட்டார். ஓட்டினேன். பத்தில் எட்டாக இருந்தது பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றது. அதைச் சொன்னேன். அவர் கேட்காமலே இன்னொன்றையும் சொன்னேன்: அந்த எட்டுப் பேருக்கு மட்டும் இரண்டாம் சுற்றை இரண்டு வாரம் தள்ளி வைக்கலாம். தன்னார்வலர்களின் நலனைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும், கொஞ்சம் தாமதமாகும், ஆனால் ஒருவர் ரத்தமும் வீணாகாது. தாமதம் என்ற சொல்லோடு அவர் காது மூடிக்கொண்டது. வெளிநாட்டில் விண்ணப்பம் போடும் தேதி தள்ளிப் போகக் கூடாதாம்.

அன்று மாலை ஆறு மணி சுமாருக்கு மருத்துவப் பிரிவு வாசலில் கம்பெனி வேன் வந்து நின்றது. சபேசன் சார்தான் எங்களிடம் சொல்லாமல் மண்ணூர்பேட்டைக்கு அனுப்பியிருந்தார். வேனிலிருந்து வினோத்தைத் தவிர்த்து ஏழு பேரும் இறங்கினார்கள். தலையில் சாமந்தி இதழ்கள் ஒட்டியிருந்தன. முழங்கால் வரை புழுதி. ஊர்வலத்தில் முழு வழியும் ஆடியிருக்கிறார்கள். பக்கத்தில் வரும்போதே வாடை அடித்தது.

நுழையும் ஒவ்வொருவரும் ஊத வேண்டிய கருவி ஒன்று உண்டு. மது அருந்தியவருக்கு மாத்திரை கொடுக்கவே கூடாது. அதிலும் இது வலிப்பு மருந்து, தூக்கக் கலக்கம் உண்டாக்குவது. மதுவோடு சேர்ந்தால் ஆளை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைக்கும் என்று சொல்ல முடியாது. ஏழு பேரும் ஊதினார்கள். ஐந்து பேருக்குக் கருவி கத்தியது.

சபேசன் சார் அங்கேயே இருந்தார். டாக்டரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் போனேன்.

"நாளைக்குக் காலைலதானே மாத்திரை. அதுக்குள்ள இறங்கிடும். மெஷின் ரிப்பேர்னு எழுதிக்கலாம்" என்றார்.

சபேசன் சார் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்களே சொல்லுங்க. இவங்க இல்லன்னா பாதிக்குப் பாதிதான்னு மதியம் நீங்கதானே சொன்னீங்க? இவங்க இருந்தா பத்துல எட்டு. கம்ப்யூட்டர்தானே சொல்லுது, நான் சொல்லல."

என் உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக நான் சொன்ன எந்த எண்ணையும் நம்பாத மனிதர், அன்றைக்குத்தான் முதன்முதலாக என் எண்ணை நம்பினார். நம்பியது எதற்கு? குடித்துவிட்டு வந்த பையன்களுக்கு மருந்து கொடுக்க. அப்போது டாக்டரம்மா என்னிடம் சாதாரணமாக, சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிற குரலில், ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க கணக்குல வர்ற அந்த எட்டுப் பேர் குடிச்சிருக்காங்களா மேடம்?"

"இல்ல."

"சாவு வீட்ல நாள் பூரா சாப்பிடாம ஆடிட்டு வந்திருக்காங்களா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப இவங்க யாரு?"

நான் சபேசன் சார் பக்கம் திரும்பினேன். "சார், நான் சொன்ன பத்துல எட்டு வேற ஆளுங்களுக்கு. இவங்க என் கணக்குலயே கிடையாது. இவங்களைச் சேர்த்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. நான் எதையும் ஓட்டிப் பார்க்கப் போறதும் இல்ல" என்றேன்.

"தெரியாதுன்னா எதுக்கு மேடம் சம்பளம்?" என்றார்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான் சார்."

டாக்டரம்மா அதற்குள் போய் ஊதிய அளவுகளை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி யார் என்ன பேசியும் பயனில்லை. வெளியே வந்து பையன்களிடம், ஐந்து பேர் போக வேண்டும், கருவி கத்தாத இரண்டு பேர் விரும்பினால் இருக்கலாம் என்றார். அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழு பேரும் வேனை நோக்கி நடந்தார்கள். லோகு மட்டும் திரும்பி வந்தான்.

"டாக்டரம்மா, சரக்கு சாப்ட்டது தப்புதான். அனுப்பிடுங்கோ. ஆனா சொல்லிட்டு வராம பூட்டானுங்கன்னு மட்டும் எழுதிடாதீங்கோ. வேன் வந்துச்சு, கூப்ட்டாங்கோ, வந்துகிறோம்."

"அப்படி எழுத மாட்டேன். போய் அந்தப் பையன் கூட இருங்க" என்றார் அவர். ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு அதே வேனில் போனார்கள்.

மீதிப் பதினாறு பேரை வைத்து இரண்டாம் சுற்று நடந்தது. சில வாரம் கழித்து முடிவு வந்தது. தேறிவிட்டது. வாசற்படியில் கால் தடுக்கி உள்ளே விழுந்த மாதிரி, மயிரிழையில் தேறியது. பாஸ்கர் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். நல்ல மாத்திரை. அது தோற்றிருந்தால் மூன்று வருஷ உழைப்பைக் குப்பையில் போட்டிருப்பார்கள். ஆனால் எங்களுக்கு அன்று விழுந்தது தலை. பூவும் விழுந்திருக்கலாம்.

மறுநாள் எல்லா மேசையிலும் மைசூர்பாகு. சபேசன் சார் என் மேசைக்கு அவரே கொண்டு வந்து கொடுத்தார். "எவ்வளவு பயமுறுத்தினீங்க! பார்த்தீங்களா?" என்றார். நான் மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டேன். வாய் சும்மா இருந்தால் ஏதாவது பேசிவிடும்.

பேசாமல் இருந்தது போதவில்லை. அடுத்த மாத்திரை சர்க்கரை நோய்க்கானது, அதையும் பாஸ்கர் குழுதான் செய்தது. அதற்கான சோதனைத் திட்டத்தில் என் எண்ணை அடித்துவிட்டு சபேசன் சார் பதினாறு என்று போட்டிருந்தார். ஓடிப் போய்க் கேட்டேன்.

"போன தடவை பதினாறு பேர்ல முடிஞ்சுதே மேடம். அது உங்க கம்ப்யூட்டர்ல நடந்ததா, நிஜத்துல நடந்ததா?"

"நிஜத்துலதான் சார். ஆனா..."

"நிஜத்துக்கு மேல என்ன ஆனா?"

பிள்ளைகளே, தோல்வியை எடுத்துச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். அதிர்ஷ்டத்தில் கிடைத்த வெற்றியை மட்டும் எந்த முதலாளியிடமும் உங்களால் விளக்கவே முடியாது. ஹெல்மெட் இல்லாமல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போய்விட்டு முழுசாக வீடு வந்தவனிடம் ஹெல்மெட் பற்றிப் பேசுவது போல. அவன் தலையைத் தடவிக் காட்டுவான்.

ஒரு தன்னார்வலர் ஒரு சோதனையில் கலந்துகொண்டால் மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்ததற்கு வரலாம். அந்தக் கணக்குப்படி சர்க்கரை மாத்திரைக்குப் பெயர் கொடுக்க லோகு ஒரு நாள் வந்திருந்தான். மதிய நேரம். வாசலில் என்னைப் பார்த்ததும் வந்து நின்றான்.

"மேடம், அந்த மாத்திர பாஸாயிட்சாமே? செக்யூரிட்டி அண்ணாத்த சொன்னாரு. சுவீட்டெல்லாம் குட்த்தீங்களாமே."

"ஆமாப்பா. வினோத் எப்படி இருக்கான்?"

"கீறான். வேலைக்குப் போய்கினுதான் கீறான்." கொஞ்சம் தயங்கினான். "ஒண்ணு கேக்கட்டா? தப்பா எடுத்துக்காதீங்கோ. எங்க எட்டு பேரு இல்லாமயே பாஸாயிட்சுன்னா, எங்க கைல இன்னாத்துக்கு மேடம் அத்தினி தபா குத்துனீங்கோ?"

மழுப்பியிருக்கலாம். பாதுகாப்பைப் பார்க்க உதவியது, அனுபவம் கிடைத்தது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவனிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நீங்க கொடுத்த ரத்தம் கணக்குல சேரலப்பா. ரெண்டு தடவையும் வந்தாத்தான் சேரும்."

"அப்போ வேஸ்ட்டா?"

"ஆமா. உங்க எட்டுப் பேரையும் ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருந்தா சேர்ந்திருக்கும். சொல்லல."

அவன் முழங்கையின் உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "வினோத் கைல இத சொல்லிடாதீங்கோ மேடம். அவங்க அப்பா பூட்டதால நம்ம எல்லார் வேலையும் கெட்டுச்சுன்னு இன்னும் பேசிகினு கீறான். நாங்க இல்லடான்னு சொல்லிகினு கீறோம்."

அவன் போன பிறகு நான் சாப்பிடவில்லை. பதினாறு என்ற எண் இனி எனக்குப் புள்ளிவிவர விஷயமாகத் தெரியவில்லை. போதாத எண்ணிக்கையில் சோதனை நடத்தினால் எட்டுப் பேர் மட்டுமில்லை, வருகிற அத்தனை பேரையும் வீணாகக் குத்துவது போலத்தான்.

நெறிமுறைக் குழு என்பது சம்பிரதாயத்துக்கு வைத்திருப்பது என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். எங்கள் குழுவில் பூந்தமல்லி கோர்ட்டில் வழக்காடும் வக்கீல் ஒருவர் இருந்தார். அதிகம் பேச மாட்டார், வந்த பக்கோடாவை மிச்சம் வைக்கவும் மாட்டார். சர்க்கரை மாத்திரைத் திட்டம் குழுவுக்கு வந்தபோது எண்ணிக்கையை விளக்க என்னைக் கூப்பிட்டார்கள். என் கணக்கு என்ன, திட்டத்தில் இருப்பது என்ன என்று இரண்டையும் சொன்னேன். பிறகு, போன சோதனையில் கலந்துகொண்ட ஒருவர் என்னிடம் கேட்டது என்று சொல்லி, பெயர் சொல்லாமல் லோகுவின் கேள்வியை அப்படியே வைத்தேன். சபேசன் சார் மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் கையைத் துடைத்துக்கொண்டார். "சபேசன் சார், பதினாறு பேர் போதும்ங்கறீங்களா?"

"போன தடவை போதுமா இருந்தது சார்."

"அப்ப போன தடவை இருபத்திநாலு பேருக்கு ஏன் ஊசி குத்தினீங்க?"

"அப்ப... அவ்வளவு தேவைன்னு கணக்கு சொல்லிச்சு."

"அந்தக் கணக்கு சரின்னா இப்ப ஏன் குறைக்கறீங்க? தப்புன்னா போன தடவை அந்தப் பசங்களுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, எழுதிக்கறோம்."

திட்டம் திருப்பி அனுப்பப்பட்டது. மறுபடி வந்தபோது என் எண்ணும் இருந்தது, அதற்கு மேல் சில கூடுதல் ஆட்களும் இருந்தார்கள். நண்பர்கள் கூட்டமாக வந்தால் அவர்களுக்குத் தனி அணி, அவசரம் வந்தால் அந்த அணிக்கு மட்டும் தேதி தள்ளலாம் என்று ஒரு பத்தியும் இருந்தது. சபேசன் சார் என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. அவர் லிப்டில் ஏறினால் நான் படியில் இறங்குவேன், அவர் படியில் வந்தால் நான் லிப்டில்.

சோதனை நடந்தது. யாரும் பாதியில் போகவில்லை. மாத்திரை தோற்றது.

மயிரிழையில் இல்லை, தெளிவாகத் தோற்றது. எங்கள் மாத்திரையில் மருந்து முதல் இரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்தில் குபுகுபுவென்று ஏறிவிட்டது. மெதுவாகக் கரைய வேண்டியது அவசரமாகக் கரைந்திருக்கிறது. முடிவைச் சொல்வதற்கான கூட்டத்தில் சபேசன் சார் என் பக்கம் பார்க்காமலே ஆரம்பித்தார்.

"உங்க பேச்சைக் கேட்டு ஆளைக் கூட்டினோம். பதினாறு பேரோட நிறுத்தியிருந்தா இதுவும் பாஸ் ஆகியிருக்கும்."

நான் பொறுமையை இழந்துவிட்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். எழுந்து நின்றே பேசினேன். "சார், ஆளைக் குறைச்சா பாஸ் ஆகறது கஷ்டமாகும், சுலபமாகாது. இதை இந்த ரூம்லயே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! பதினாறு பேரோட போயிருந்தாலும் தோத்துதான் இருக்கும். ஆனா ஏன் தோத்துதுன்னு தெரிஞ்சிருக்காது. மாத்திரை கெட்டதா, ஆள் பத்தலையான்னு ஆளுக்கொரு பக்கம் சண்டை போட்டுட்டு இருந்திருப்போம். நீங்க இன்னொரு பதினாறு பேரைக் கூட்டிட்டு வந்து குத்தச் சொல்லியிருப்பீங்க."

பாஸ்கர்தான் பேசினார். தோற்றது அவருடைய மாத்திரை. "சார், எனக்கு இதுல வருத்தம் இல்ல. மேல் பூச்சு மெலிசா இருக்கு, அதான் விஷயம். இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் இதுவரைக்கும் காட்டினதில்ல. மாத்திப் போட்டுடலாம்" என்றார். சொல்லிவிட்டு, கூட்டம் முடிவதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார். லேபில் அவருக்கு வேலை இருந்தது.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். நானும் கிளம்பப் போனேன். சபேசன் சார் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"பாஸ்கர் பூச்சை மாத்திட்டா அடுத்த தடவை பாஸ் ஆகுமா மேடம்?"

அவர் அதைக் கேட்பார் என்று தெரிந்து, பாஸ்கரிடம் பேசி முதல் நாளே ஓட்டி வைத்திருந்தேன். "பாஸ்கர் சொல்ற மாதிரி பூச்சு அமைஞ்சா, பத்துல எட்டுத் தடவை ஆகும் சார்."

"அப்ப ஆகும்ங்கறீங்க."

"பத்துல எட்டுங்கறேன்."

"அதான், ஆகும்."

"பத்துல எட்டு, சார்."

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். எத்தனை வருஷமாக இதே பேச்சு. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது. கதவருகே போகும்போது அவர் கூப்பிட்டார்.

"மேடம்."

திரும்பினேன். நான் அணைக்காமல் விட்ட ப்ரொஜெக்டர் சுவரில் காட்டிக்கொண்டிருந்த என் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீதி ரெண்டு தடவை என்ன ஆகுது?"

அவரிடம் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அந்த மீதியைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பையைக் கீழே வைத்தேன். அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.